ஒரு டிபி மாத்திரை கூட முழுங்காத புள்ளைக்கு மருந்து கேக்காத டிபி எப்படி வந்துச்சு?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, நம்ம பக்கம் மருந்துக்கு கேக்காத டிபி வர்றதுக்கு பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த வெளி மாநிலத்துக்காரங்கதான் காரணம், அவங்கதான் ரயில்ல கொண்டாந்து எறக்கிட்டாங்கன்னு. மறுநாளே இன்னொருத்தர், அதெல்லாம் இல்ல, மாத்திரைய பாதியில விடறவங்கனாலதான் எல்லாம், அவங்கள புடிச்சு தண்டிக்கோணும்னு எழுதுனாரு. ரெண்டையும் படிச்சுட்டு எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலீங்க. நான் 28 வருசம் அரசு ஆஸ்பத்திரி லேப்ல சளி டெஸ்ட் பாத்தவ, ரிட்டயர் ஆகி பல்லடம் பக்கம் தோட்டத்துல இருக்கறேன். எனக்கு தெரிஞ்சத சொல்லீரோணும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டாம போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

என்ற தங்கச்சி மகளுக்கு 22 வயசு. பனியன் கம்பெனில செக்கிங் வேலை, காலையில வேன் வந்து ஏத்திட்டு போகும், பொழுதோட கொண்டாந்து விடும். போன வருசம் இருமல் வந்துச்சு, தூசினு விட்டுட்டாங்க. மூணு வாரம் ஆச்சு, பக்கத்துல ஒரு கிளினிக்குல காட்டுனாங்க, சிரப்பும் லீவோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை அஞ்சு நாளைக்கும் குடுத்தாங்க, கேட்டுச்சு, பத்து நாள்ல மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் அதே மாத்திரை. இப்படியே ரெண்டு மாசம். 46 கிலோ இருந்த புள்ள 38க்கு வந்துட்டா. வரன் பாத்துட்டு இருந்த நேரம், இருமற புள்ளன்னு வெளிய தெரிஞ்சா போச்சுன்னு பெரியம்மாவான எங்கிட்டயே சொல்லாம மறைச்சாங்க. நோம்பிக்கு போனப்ப பாத்தேன், பாத்ததுமே வயித்துல புளி கரைச்சுது, மறுநாளே சளி டப்பா குடுத்து காலையில எந்திரிச்சதும் எடுக்கற சளிய வாங்கி ஜீன் எக்ஸ்பர்ட்டுங்கற மெஷின் டெஸ்ட்டுக்கு அனுப்புனேன். டிபி இருக்குது, டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பும் இருக்குதுன்னு வந்துச்சு. அடுத்து எல்பிஏங்கற இன்னொரு ஜீன் டெஸ்ட் பாத்ததுல ஐஎன்எச்ங்கற இன்னொரு முக்கிய மருந்துக்கும் கேக்கல. இந்த ரெண்டுக்கும் கேக்காததைத்தான் எம்டிஆர் டிபிங்கறது. அந்த நாள் வரைக்கும் அந்தப் புள்ள டிபிக்குன்னு ஒரு மாத்திரை கூட முழுங்குனது கிடையாதுங்க. ஆனா ஒறம்பரைல அத்தன பேரும் கேட்டது ஒரே கேள்வி, "ஏங்கண்ணு, மாத்திரைய ஒழுங்கா தின்னியா இல்லியா?"

இதைத்தான் நான் சொல்லோணும்னு வந்தது. மருந்து கேக்காத டிபின்னாலே நோயாளி ஏதோ தப்பு பண்ணிட்டாருன்னு ஒரு நெனப்பு ஊர் பூரா, ஆஸ்பத்திரிக்காரங்க உட்பட. அது பாதி உண்மைதான். கிருமி மொதல்ல மாறுறது ஒருத்தர் ஒடம்புல, ஆனா மாறுன கிருமி அப்படியே இன்னொருத்தருக்கு காத்துல போகும், வாங்குறவங்களுக்கு அது மொத நாள்லயே மருந்து கேக்காத டிபிதான். அவங்க மாத்திரைய முழுங்குனாலும் முழுங்காட்டியும் அது அப்படித்தான் வரும்.

கிருமி எப்படி மாறுதுன்னு நம்மூர்க்காரங்களுக்கு நான் பெருசா வெளக்க வேண்டியதில்ல. பருத்தி போட்ட காலத்துல எங்க அப்பாரு காய்ப்புழுவுக்கு ஒரே மருந்த அடிச்சு அடிச்சு, கடைசில அந்த மருந்துலயே குளிப்பாட்டுனாலும் புழு சாகாம போச்சு. மருந்து புழுவ மாத்தலீங்க, ஆயிரத்துல ஒண்ணு ஏற்கனவே தாங்கற புழுவா இருந்துச்சு, மத்ததெல்லாம் செத்து அது மட்டும் நின்னு குட்டி போட்டு காடு பூரா அதுவே ஆயிருச்சு. டிபியும் அதேதான். நுரையீரல்ல ஓட்டை விழுந்த ஒருத்தருக்கு அந்த ஓட்டைல மட்டும் 10 கோடி கிருமி இருக்கலாம். ஐஎன்எச்ச தாங்கற கிருமி சுமார் 10 லட்சத்துல ஒண்ணு தானாவே இருக்கும், ரிஃபாம்பிசின தாங்கறது சுமார் 10 கோடில ஒண்ணு. ஒத்தை மருந்து குடுத்தா அந்த ஒண்ணு ரெண்டு பொழச்சு பெருகும். ரெண்டையும் சேந்து தாங்கற கிருமி ஒண்ணு வேணும்னா கோடி கோடி கிருமில ஒண்ணுதான் தேறும், அவ்வளவு கிருமி எந்த மனுசன் ஒடம்புலயும் இல்ல. அதுக்குத்தான் நாலு மருந்த ஒட்டுக்கா குடுக்கறது. 1940கள்ல ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதுசுல அத மட்டும் தனியா குடுத்துப் பாத்தாங்க, ஆளு தேறி எந்திரிச்சாரு, சில மாசத்துல மறுபடியும் படுத்தாரு, அப்ப அந்த மருந்து வேலை செய்யல. டிபி மருந்து பொறந்தப்பவே இந்தப் பாடமும் கூடவே பொறந்துச்சுங்க.

டிபி கிருமிகிட்ட இன்னொரு குணம் இருக்குது. மத்த சில பாக்டீரியா பக்கத்துல இருக்கற கிருமிகிட்ட எதிர்ப்பு சக்திய கடன் வாங்கிக்கும். இது வாங்காது. அதோட ஜீனோம், அதாவது மரபணு மொத்தமும், 44 லட்சம் எழுத்து, 1998லயே முழுசா படிச்சு வெளியிட்டுட்டாங்க. அதுல ஒரு எழுத்து மாறுறதுக்கே ரெண்டு மூணு வருசம் ஆகும். எந்த எதிர்ப்பா இருந்தாலும் அந்த எழுத்துல ஏதோ ஒண்ணு மாறி வந்ததுதான், ரிஃபாம்பிசினுக்கு ஆர்பிஓபிங்கற ஜீன்ல, ஐஎன்எச்சுக்கு பெரும்பாலும் கேட்ஜிங்கற ஜீன்ல, மாறுனது அப்படியே வாரிசுக்கு போகும். அதனால ரெண்டு பேரோட கிருமிய எடுத்து எழுத்துக்கு எழுத்து வெச்சு பாத்தா, அஞ்சு எழுத்துக்குள்ள வித்தியாசம்னா சமீபத்துல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கோ இல்ல ரெண்டு பேருக்கும் பொதுவான ஒருத்தர்கிட்ட இருந்தோ தொத்தியிருக்கும்னு சொல்லலாம், 12க்கு மேல போனா ரெண்டுக்கும் இப்போதைக்கு சம்பந்தம் இல்லைன்னு சொல்லலாம். அந்த பேப்பர்ல எழுதுனவருக்கு யாரு யாருக்கு குடுத்தாங்கன்னு அவ்வளவு நிச்சயமா தெரியோணும்னா இதைத்தான் பாத்திருக்கோணும்.

இப்ப அந்த வெளி மாநிலத்துக்காரங்க விசயத்துக்கு வர்றேன். கண்ணபுரம் சந்தைல நின்னு மாட்டைப் பாத்ததும் இது காங்கேயம், இது பர்கூர் மலை மாடுன்னு சொல்ற ஊர் நம்முது. கிருமிலயும் அப்படி பரம்பரை இருக்குது, உலகம் பூரா இருக்கற டிபிய ஏழெட்டு பெரும் பரம்பரைக்கு மேல பிரிச்சு வெச்சிருக்காங்க. இந்தியப் பெருங்கடல சுத்தி இருக்கற நாடுகள்ல காலங்காலமா இருக்கறது முதல் பரம்பரை, தமிழ்நாட்டுல எச்சா இருக்கறது அதுதான், பிலிப்பைன்ஸ்லயும் அதான் எச்சா. வட இந்தியா, பாகிஸ்தான் பக்கம் மூணாவது. சீனா, ரஷ்யா பக்கம் ரெண்டாவது, அதுக்கு பெய்ஜிங் வகைன்னு பேரு. ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கால நாலாவது. பெய்ஜிங் வகைல மருந்து எதிர்ப்பு பல நாட்டுல எச்சா காங்குது, மும்பைலயும் எம்டிஆர் நோயாளிங்ககிட்ட அந்த வகைல ஒரே கிளைக் கிருமி பெருசா பரவி இருக்கறத ஜீனோம் படிச்சு கண்டுபுடிச்சிருக்காங்க, சளிக்கு கிளினிக்குல குடுக்கற அதே லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துக்கும் அதுல பெரும்பாலும் எதிர்ப்பு.

அதுக்காக எதிர்ப்பு ஒரு பரம்பரைக்கு மட்டும் சொந்தம்னு ஆகாதுங்க. தென்னாப்பிரிக்கால டுகேலா ஃபெர்ரினு ஒரு கிராமத்து ஆஸ்பத்திரில 2005, 2006ல எந்த முக்கியமான மருந்துக்கும் கேக்காத டிபி 53 பேருக்கு வந்து 52 பேர் செத்துட்டாங்க, பெரும்பாலும் எச்ஐவியும் இருந்தவங்க. அது பெய்ஜிங் வகையே கிடையாது, நாலாவது பரம்பரை, அந்த ஊர் கிருமி. பிற்பாடு அதோட ஜீனோம வெச்சு பின்னாடி கணக்கு போட்டுப் பாத்தா, ஐஎன்எச்சுக்கு எதிர்ப்பு 1950கள் கடைசிலயே வந்திருக்குது. ஐஎன்எச் மருந்தே வந்தது 1952ல. அப்ப அரை நூற்றாண்டா அந்தக் கிருமி ஒண்ணு ஒண்ணா எதிர்ப்ப சேத்துக்கிட்டு, ஆளுக்கு ஆள் தாவி, யார் கண்ணுலயும் படாம வந்திருக்குது. இத மொத தடவ படிச்சப்ப நான் புத்தகத்த மூடி வெச்சுட்டு உக்காந்துட்டேன். ஏன்னா எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்துட்டாரு.

சுமார் 15 வருசம் முன்னாடி, தறி ஓட்டறவரு, வயசு அறுபதுக்கு பக்கம். நாங்க அப்ப பாத்தது மைக்ராஸ்கோப்புலதான், நீலத்துல செகப்பு குச்சி குச்சியா தெரியும், ஒரு மில்லி சளில பத்தாயிரம் கிருமியாச்சும் இருந்தாத்தான் கண்ணுக்கே படும், பட்டாலும் அது மருந்துக்கு சாகற குச்சியா சாகாத குச்சியான்னு எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. அவருக்கு ரெண்டு மாச முடிவுலயும் பாசிடிவ், அஞ்சாவது மாசமும் பாசிடிவ். நாங்க எல்லாருமே அவர திட்டுனோம். நானும்தான் திட்டுனேன். அடுத்த நாள் ஒரு மஞ்சப்பை நெறைய காலி மாத்திரை அட்டைய கொண்டாந்து லேப் மேஜைல கொட்டுனாரு, "அம்மணி, ஒண்ணுக்கு செகப்பா போகுது, மாத்திரை திங்கலீனா எப்படிம்மா செகப்பா போகும்?"னு கேட்டாரு. ரிஃபாம்பிசின் தின்னா அப்படித்தான் போகும், அவரு சொன்னது சரி. அப்போதைய முறைப்படி பழைய மருந்தோட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒண்ண சேத்து ரெண்டாவது கேட்டகிரின்னு போட்டாங்க. தோத்துப்போன மருந்தோட ஒத்தை மருந்த சேக்கக்கூடாதுங்கறது டிபில மொதப் பாடம், அந்த முறைய பிற்பாடு உலக சுகாதார நிறுவனமே கைவிட சொல்லிருச்சு. கல்ச்சருக்கு, அதாவது கிருமிய வளத்துப் பாக்கறதுக்கு, அனுப்புன சளி முடிவு நாலு மாசம் கழிச்சு வந்துச்சு, எம்டிஆர்னு. வந்தப்ப அவரு இல்லீங்க. அந்த மஞ்சப்பை கொஞ்ச நாள் லேப் மூலைலயே கெடந்துச்சு.

அந்த ஒன்பது மாசமும் அவரு தறிக்குடோன்ல இருமிட்டுத்தான் இருந்திருக்காரு. வேலை செய்யாத மருந்து சாப்புடறவரும் மருந்தே சாப்புடாதவரும் காத்துக்கு ஒண்ணுதான். சரியான மருந்து போனா கதையே வேற, அதுக்கு நம்ம தமிழ்நாடே சாட்சி. 1956ல மெட்ராஸ்ல டிபி மருந்து சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க, இப்ப சேத்துப்பட்டுல தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு இருக்கறது அதுதான். நோயாளிகள்ல பாதிப்பேர சானிடோரியம்ங்கற டிபி ஆஸ்பத்திரில வெச்சு, பாதிப்பேர அவங்க குடிசை வீட்லயே வெச்சு வைத்தியம் பாத்தாங்க. வீட்ல இருந்தவங்களும் அதே அளவு தேறுனாங்க, கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால எச்சா தொத்தல. உலகம் பூரா சானிடோரியம் மூடுனதுக்கு அந்த மெட்ராஸ் முடிவு ஒரு பெரிய காரணம். நம்ம பெருந்துறை சானிடோரியத்துல மாசக்கணக்கா படுத்துக் கெடந்தவங்க கதைய எங்க அம்மா சொல்லுவாங்க, இப்ப அது பஸ் ஸ்டாப் பேரா நிக்குது. ஆனா இதெல்லாம் மருந்து கிருமிக்கு பொருந்துனா மட்டுந்தானுங்க. பொருந்துதான்னு மொத நாளே பாக்கோணும்.

அங்கதான் இன்னும் ஓட்டை இருக்குது. ஜீன் எக்ஸ்பர்ட், அதே மாதிரி ட்ரூநாட், ரெண்டு டெஸ்ட்டும் வந்தது பெரிய வரம், அந்த தறிக்காரருக்கு நாலு மாசம் ஆனது இன்னிக்கு ரெண்டு மணி நேரத்துல தெரியுது. ஆனா சாதாரணமா ஓட்டற அந்த டெஸ்ட் ரிஃபாம்பிசினுக்கு மட்டும்தான் பாக்குது. ஐஎன்எச்ச பாக்காது. ரிஃபாம்பிசின் கேக்குதுன்னு வந்துட்டா பல எடத்துல அதோட முடிஞ்சுபோச்சு, நாலு மருந்து ஆரம்பிச்சுடறாங்க, எல்பிஏவுக்கு சளி போச்சா வந்துச்சான்னு கேக்கறவங்க கொறவு. நம்ம நாட்டுல 2014ல இருந்து 2016 வரைக்கும் எடுத்த தேசிய சர்வேல எம்டிஆர் இருந்தது புதுசா வந்தவங்கள்ல 100க்கு 3 பேருக்கு பக்கம், முன்னாடி மருந்து சாப்பிட்டவங்கள்ல 100க்கு 12 பேருக்கு பக்கம். ஐஎன்எச் எதிர்ப்ப எடுத்துக்கிட்டா புதுசா வந்தவங்கள்லயே 100க்கு சுமார் 11 பேர். புதுசா வர்றவங்க, அதாவது முன்னாடி டிபி மாத்திரையே முழுங்காதவங்க, இல்ல ஒரு மாசத்துக்கும் கம்மியா முழுங்குனவங்க. அந்த 11 பேர்ல பெரும்பாலானவங்க ஜீன் எக்ஸ்பர்ட்ல "நல்ல கிருமி"ன்னு பாஸ் ஆயிடுவாங்க. கிருமி ரிஃபாம்பிசினுக்கு பழகறதுக்கு முன்னாடி பெரும்பாலும் ஐஎன்எச்சுக்குத்தான் பழகுதுன்னு பல நாட்டு கிருமிய படிச்சவங்க சொல்றாங்க, டுகேலா ஃபெர்ரிலயும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்ப மொதப் படிலயே புடிக்கோணும்னா ஐஎன்எச்ச பாக்கோணும். புடிச்சா ஆறு மாச மாத்திரை இருக்குது, ஐஎன்எச்ச எடுத்துட்டு லீவோஃப்ளாக்சசின் சேத்து. புடிக்காம விட்டா அடுத்த படிக்கு நாமளே ஏத்தி விடறோம்.

வெளி மாநிலத்துப் பசங்கள நெனச்சுப் பாருங்க. இருபது வயசுல நல்லா வர்றாங்க, ஒரு ரூம்ல பத்து பேரு, ஷிப்ட் மாத்தி மாத்தி ஒரே பாயில தூக்கம், ஜன்னல தொறந்தா கொசுன்னு மூடி வெச்சிருப்பாங்க, ஓவர் டைம், சரியான சாப்பாடு இல்ல. அவங்க ஒடம்புல இருக்கற கிருமி ஊர்லயிருந்து வந்ததா இல்ல நம்ம ரூம்லயும் நம்ம கம்பெனிலயும் புடிச்சதான்னு பரம்பரை பாக்காம யாரும் சொல்ல முடியாது. எங்க லேப்ல டப்பா வாங்க வந்த ஒரு ஒடிசா பையன் ரிசல்ட் பாசிடிவ்னு சொன்னதும் கேட்டது, கம்பெனிக்கு சொல்லீருவீங்களான்னுதான். மறுநாள் ஆள காணோம். மேஸ்திரிக்கு பயந்து ஓடிட்டான். இப்ப நிக்ஷய் ஐடி, அதாவது டிபி நோயாளிக்கு அரசாங்கம் குடுக்கற பதிவு நம்பர், இருந்தா எந்த ஊர்லயும் போய் மாத்திரைய வாங்கிக்கலாம், அது அவனுக்கு யாரும் அவன் பாஷைல சொல்லல. நீங்கதான் கொண்டாந்தீங்கன்னு பேப்பர்ல எழுதுனா இப்படி ஓடற பசங்க இன்னும் நாலு பேர் ஓடுவாங்க, ஓடறப்ப மாத்திரை நிக்கும், மாத்திரை நின்னா கிருமி பழகும். நம்ம பயமே அந்தக் கிருமிய வளக்குதுங்க.

நான் கேக்கறது பெருசு ஒண்ணும் இல்ல. டிபின்னு தெரிஞ்ச எல்லாருக்கும், சிகிச்சை ஆரம்பிக்கற வாரத்துலயே ரிஃபாம்பிசினும் ஐஎன்எச்சும் ரெண்டும் பாத்துடோணும், முடிவு நோயாளி கைல வரோணும், நீங்களும் கேளுங்க, "ஐஎன்எச் பாத்தாச்சா?"ன்னு வாய் விட்டு கேளுங்க. மூணு வாரமா இருமறவங்களுக்கு சளி டெஸ்ட் பாக்காம லீவோஃப்ளாக்சசின் எழுதறத டாக்டருங்க நிறுத்தோணும், அது பத்து நாளைக்கு டிபிய மூடி மறைக்கும், எம்டிஆருக்கு வெச்சிருக்கற நல்ல ஆயுதத்தையும் மழுங்க வெச்சுடும். 2022ல மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை டிபி கிருமியோட ஜீனோம நாடு பூரா படிக்கறதுக்கு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல நம்ம திருப்பூர், ஈரோடு, பள்ளிபாளையம், சோமனூர் மாதிரி தொழில் ஊர்ச் சளி நெறைய போகோணும், போனதோட முடிவு ஜர்னல்ல வர்றதோட நிக்காம நம்ம மாவட்ட டிபி ஆபீசருக்கு திரும்பி வரோணும், எந்தக் கம்பெனில, எந்த ஏரியால ஒரே கிருமி சுத்துதுன்னு தெரிஞ்சா அங்க போய் ஜன்னலத் தொறக்கலாம், எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கலாம். கல்குவாரில வேலை செய்யறவங்களயும் சக்கரை இருக்கறவங்களயும் மறந்துடாதீங்க, ரெண்டு பேருக்குமே டிபி வர்ற வாய்ப்பு எச்சா.

என்ற தங்கச்சி மகளுக்கு இப்ப நாலாவது மாசம். லீவோஃப்ளாக்சசின் வகைக்கு கிருமி இன்னும் பழகாம இருந்தது தெய்வாதீனம், அதனால பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின்னு புது முறைல நாலு மருந்தும் ஆரம்பிச்சாங்க, ஆறு மாசத்துல முடிஞ்சுடும். முன்னயெல்லாம் இதுக்கே 18ல இருந்து 24 மாசம், தெனமும் ஊசி வேற, ஊசில காது போனவங்கள நான் பாத்திருக்கறேன். மாசம் 1000 ரூபா ஊட்டச்சத்துக்குன்னு கணக்குல ஏறுது, இசிஜியும் ரத்த டெஸ்ட்டும் சரியா பாக்கறாங்க, கால் மரத்துப்போகுதுன்னா ஒடனே சொல்ல சொல்லியிருக்காங்க. கல்ச்சர் நெகடிவ் வந்துருச்சு, எடை 43. வீட்ல எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தாச்சு. வேன்ல கூட வந்த பொம்பளைங்கள்ல அஞ்சு பேரு மட்டும்தான் இதுவரைக்கும் எக்ஸ்ரேவுக்கு வந்திருக்காங்க, மத்தவங்களுக்கு வீட்ல தெரிஞ்சா பிரச்சனையாம்.

போன வாரம் உங்க பேப்பர அவளும் படிச்சிருக்கா. "பெரிம்மா, எனக்கு இதை யாரு குடுத்திருப்பாங்க?"ன்னு கேட்டா. கோவத்துல கேக்கல, தெரிஞ்சுக்கோணும்னு கேட்டா. வேன்ல இருக்கலாம், டவுன் பஸ்ல இருக்கலாம், கம்பெனி கேண்டீன்ல இருக்கலாம், எனக்கு தெரியல கண்ணுன்னு சொன்னேன். யாரா இருந்தாலும் அவங்களுக்கே அது தெரியாது. சாதாரண சளின்னு இன்னும் ஏதோ ஒரு கிளினிக்குல சிரப் வாங்கிட்டு இருப்பாங்க. அவங்க சளி இன்னும் எந்த லேப்புக்கும் வரலீங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன்,
பல்லடம் வட்டம்.